ரேசிங் சைக்கிளில் கியர் சரியாக விழவில்லையா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே பற்சில்லோடு ஓடுகிற வண்டிகள். செயின் கழன்றால் கையால் கொழுவிவிட்டு ஓடலாம். கியர் வைத்த ரேசிங் சைக்கிளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் வாங்கியவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் விட்டுப்போன வண்டியை எடுத்தவர்கள், கொழும்பில் பாவித்ததை வாங்கியவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

முன்னால் பெடலோடு சுற்றுவதைச் செயின் வீல் என்றும், பின்சில்லில் அடுக்காக இருப்பவற்றைப் பற்சில்லுகள் என்றும், செயினை ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தள்ளுகிற கருவியை டிரெய்லியர் என்றும் எழுதுகிறேன். ஹாண்டிலில் கியர் மாற்றுவது லீவர்.

கியர் பிழைச்சால் முதலில் எந்த ஸ்குறூவைத் திருப்புறது?

ஒன்றையும் திருப்ப வேண்டாம். நேற்றுவரை ஒழுங்காக விழுந்த கியர் இன்று விழவில்லை என்றால், ஸ்குறூ இரவோடிரவாகத் தானாகச் சுழன்றிருக்காது. வேறு ஏதோ மாறியிருக்கிறது. கேபிள் இழுபட்டிருக்கலாம், அதன் உறைக்குள் புழுதி போயிருக்கலாம், வண்டி சரிந்து டிரெய்லியர் வளைந்திருக்கலாம், பின்சில்லு கோணலாகப் பூட்டப்பட்டிருக்கலாம். காரணத்தைக் காணாமல் ஸ்குறூவைத் திருப்பினால் ஒரு பிழை இரண்டாகிவிடும். பிறகு கடைக்காரருக்கும் எது முதற்பிழை என்று தெரியாது.

பார்க்கிற ஒழுங்கு இது: பின்சில்லு, அதன்பின் டிரெய்லியரின் நேர், அதன்பின் கேபிள், அதன்பின் செயினும் பற்களும். எல்லாம் சரி என்றான பிறகே ஸ்குறூ.

அண்ணை, பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எந்தக் கியரும் ஒழுங்காய் விழுதில்லை. கடையில ஏதும் உடைச்சுப்போட்டாங்களோ?

பெரும்பாலும் இல்லை, தம்பி. பின்சில்லின் அச்சு பிரேமின் வெட்டுக்குள் முழுவதாகப் போய் இருக்கவில்லை. அச்சு ஒரு பக்கத்தில் 2 மி.மீ. இறங்கி நின்றாலே பற்சில்லுகள் டிரெய்லியருக்குச் சரிவாகிவிடும். வண்டியை நிலத்தில் நேராக நிறுத்தி, பின்சில்லின் பூட்டைத் தளர்த்தி, இருக்கையில் கையை வைத்து அழுத்துங்கள். அச்சு தன் இடத்தில் போய் இருக்கும். அப்படியே இறுக்குங்கள். ரயர் பிரேமின் இரு பக்கமும் ஒரே இடைவெளியில் நிற்கிறதா என்று பின்னால் நின்று பாருங்கள்.

பின்சில்லைக் கழற்றுவதற்கு முன் செயினை மிகச் சிறிய பற்சில்லுக்கு இறக்கச் சொல்லுங்கள். கழற்றுவதும் பூட்டுவதும் அதில்தான் சுலபம். கியர் வண்டி பழக்கமில்லாத கடை என்றால் பக்கத்தில் நின்று நீங்களே சொல்லவேண்டியிருக்கும்.

பெரிய பற்சில்லுக்கு ஏற மாட்டுது. லீவரை அமத்தினால் கடகடவென்று சத்தம் மட்டும் வருது.

கேபிள் தளர்ந்திருக்கிறது. புதுக் கேபிள் போட்ட முதல் சில ஓட்டங்களில் இது எப்போதும் நடக்கும். உறைகள் தங்கள் இடத்தில் அமர்ந்துகொள்வதால் கம்பி கொஞ்சம் மிஞ்சிவிடுகிறது. டிரெய்லியருக்குள் கேபிள் நுழையும் இடத்தில், அல்லது பிரேமின் கீழ்க்குழாயில், விரலால் திருப்பக்கூடிய உருளை ஒன்று இருக்கும். டிரெய்லியரில் இருப்பதைப் பின்னால் நின்று பார்த்து, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்புங்கள். உருளை வெளியே வரவர உறை நீண்டதுபோலாகிக் கேபிள் இறுகும். பெடலைச் சுற்றிக் கியரை மாற்றிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று. ஒரேயடியாக மூன்று சுற்றுத் திருப்புகிறவர்கள் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

நான்கைந்து சுற்றுக்குப் பிறகும் ஏறவில்லை என்றால் உருளையை முழுவதும் உள்ளே திருப்பி, செயினை மிகச் சிறிய பற்சில்லில் விட்டு, கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கம்பியைக் குறட்டால் இழுத்துப் பிடித்து மீண்டும் இறுக்குங்கள். பிறகு கால் சுற்றுக் கணக்கைத் தொடங்கலாம்.

ஏறுது, ஆனால் இறங்க மாட்டுது. லீவர் சொடுக்கி இரண்டு மூன்று மிதி மிதிச்ச பிறகுதான் விழுது.

வன்னியில் நான் அதிகம் காண்கிற பழுது இதுதான். காரணம் தெரிய, டிரெய்லியர் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். பெரிய பற்சில்லுக்கு ஏற்றுவது உங்கள் கை. கேபிளை இழுக்கிறீர்கள், கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் கைப்பலம் சமாளித்துவிடும். சிறியதுக்கு இறக்குவது டிரெய்லியருக்குள் இருக்கிற ஸ்பிரிங். கேபிள் உறைக்குள் தடையில்லாமல் வழுக்கினால்தான் அந்தச் சின்ன ஸ்பிரிங்கால் இழுக்க முடியும். கிறவல் புழுதியும் மாரிமழையும் சேர்ந்து உறைக்குள் களியாகிவிட்டால் ஸ்பிரிங் தோற்றுப்போகும்.

பொதுவாக அடைபடுவது, பின்சில்லுக்குப் பக்கத்தில் வளைந்து டிரெய்லியருக்குள் போகிற கடைசித் துண்டு உறை. சில்லு வாரி அடிக்கிற சேறெல்லாம் அங்கேதான் விழுகிறது. சோதிப்பது சுலபம். செயினை மிகப் பெரிய பற்சில்லுக்கு ஏற்றிவிட்டுப் பெடலை நிறுத்துங்கள். இப்போது பெடலைச் சுற்றாமல் லீவரை மட்டும் கடைசிவரை இறக்குங்கள். கேபிள் தொளதொளவென்று ஆகும். பிரேமில் வெட்டுள்ள தாங்கிகள் இருந்தால் உறையை அவற்றிலிருந்து வெளியே எடுத்துக் கம்பியின்மேல் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். மணல் அரைபடுவதுபோல் இருந்தாலோ கம்பி மண்ணிறமாகி இருந்தாலோ மாற்றவேண்டியதுதான். எண்ணெய் விட்டால் ஒரு கிழமைக்குச் சரிவரும், அந்த எண்ணெயே அடுத்த கிழமை புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மாற்றும்போது உறையைக் கூரான வெட்டியால் சதுரமாக வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் உள்ளேயிருக்கிற பிளாஸ்ரிக் குழாய் நசிந்து மூடியிருக்கும். ஊசியால் வாயைத் திறந்துவிடுங்கள். முனைக்குத் தொப்பி போடுங்கள். அந்தக் கடைசித் துண்டை மிச்சம்பிடிக்கிறேன் என்று கட்டையாக வெட்டாதீர்கள். வளைவு மடிந்தால் புதுக் கேபிளும் பழையதுபோலவே இறுகும். கேபிள் பிரேமுக்குள்ளால் போகிற வண்டி என்றால், பழைய கம்பியை உருவுவதற்கு முன் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் குழாயை அதன்மேல் கோர்த்து மறுபக்கம் வரை தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் புதுக் கம்பியின் முனையைத் தேடி ஒரு பின்னேரம் போய்விடும்.

கியர் உறை கிடைக்கேல்லை என்று கடையில பிறேக் உறையைப் போட்டுவிட்டார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பிறேக் உறை 5 மி.மீ. தடிப்பு, உள்ளே கம்பி ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டிருக்கும். கியர் உறை 4 மி.மீ.; உள்ளே மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும். சுருள் கம்பி இழுக்கும்போது நசியும். பிறேக்குக்கு அது பெரிய விசயமில்லை. கியருக்கோ ஒரு சொடுக்குக்குக் கேபிள் ஒரு சில மி.மீ. மட்டுமே நகர்கிறது, உறை நசிந்தால் அந்த அளவு பிழைத்துவிடும். ஆகவே கியர் ஒரு நாள் விழும், மறுநாள் விழாது. உள்ளே போகிற கம்பியும் வேறு: கியருக்கு ஏறக்குறைய 1.2 மி.மீ., பிறேக்குக்கு 1.5 அல்லது 1.6.

இதை மாற்றிச் செய்வது இன்னும் மோசம். கியர் உறையை ஒருபோதும் பிறேக்குக்குப் போடாதீர்கள். அழுத்தம் கூடும்போது அதன் நீளக் கம்பிகள் உறையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். பிறேக் பிடிக்காமல் ஏ9 றோட்டில் லொறிக்குப் பின்னால் போய் நிற்கவேண்டி வரும்.

நான் ஒழுங்காய் இறுக்கி வைக்கிறேன். நாளுக்கு நாள் திரும்பவும் தளருது. ஏன்?

லீவருக்குள்ளே கேபிள் நாராகப் பிரிந்துகொண்டிருக்கிறது. பிறேக்கும் கியரும் ஒன்றாயிருக்கிற லீவர்களில் கேபிளின் தலை ஒரு சிறிய உருளையைச் சுற்றி மடங்குகிறது. மடங்கும் இடத்தில் ஒவ்வொரு நாராக அறும். ஒவ்வொரு நார் அறும்போதும் கேபிள் கொஞ்சம் நீளும், நீங்கள் கொஞ்சம் இறுக்குவீர்கள். இப்படி இருமுறை நடந்தாலே லீவரின் ரப்பரை விலக்கி உள்ளே பாருங்கள். ஒரு நார் எழுந்து நின்றாலும் அன்றே மாற்றுங்கள். முழுவதும் அறுந்துவிட்டால் தலைத்துண்டு உள்ளே சிக்கிக்கொள்ளும். அதை எடுப்பது கடைக்காரருக்கே தலையிடி.

லீவரை எத்தனை தரம் அமத்தினாலும் சொடுக்கவே இல்லை.

பல வருடம் ஓடாமல் கிடந்த வண்டியா? உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். பழுதென்று எறிய வேண்டாம். செயினைச் சின்னப் பற்சில்லில் வைத்து, டபிள்யூடி-40 மாதிரி மெல்லிய ஸ்பிரேயை லீவருக்குள் அடித்து, சொடுக்கிக்கொண்டே இருங்கள். அரை மணித்தியாலம் கூட ஆகலாம். ஊத்தை வடிந்து சொடுக்கு வந்ததும் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள்.

டிரெய்லியரில் 'எச்', 'எல்' என்று இரண்டு ஸ்குறூ இருக்குதே. அது எதுக்கு?

அவை வேலிகள். செயின் சின்னப் பற்சில்லைத் தாண்டிப் பிரேம் பக்கம் விழாமல் மறிப்பது 'எச்'. பெரிய பற்சில்லைத் தாண்டிச் சில்லுக் கம்பிகளுக்குள் போகாமல் மறிப்பது 'எல்'. இறுக்கினால் வேலி உள்ளே வரும், தளர்த்தினால் விரியும். நடுவிலிருக்கிற கியர்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பே கிடையாது. நான்காவது கியர் சத்தம்போடுகிறது என்று 'எல்'லைத் தளர்த்துகிறவர்களை என்ன சொல்ல.

சத்தம் எரிச்சலைத் தரும், அவ்வளவுதான். 'எல்' தளர்ந்திருந்தால் டிரெய்லியர் சில்லுக் கம்பிக்குள் போகும். சில்லு பூட்டிக்கொள்ளும், கம்பிகள் முறியும், ஆள் விழுவார். பாவித்த வண்டி வாங்கினால் முதல்நாளே வண்டியைத் தூக்கி, செயினைப் பெரிய பற்சில்லில் வைத்து, டிரெய்லியரைக் கையால் கம்பிப் பக்கம் தள்ளிப் பாருங்கள். கம்பியைத் தொடக்கூடாது. மூன்றாவதாக 'பி' என்றொரு ஸ்குறூவும் உண்டு. அது டிரெய்லியரிலுள்ள இரண்டு சின்னச் சில்லுகளில் மேலே இருப்பது பெரிய பற்சில்லில் முட்டாமல் இடைவெளி விடுவது; முட்டினால் மட்டும் தொடுங்கள்.

வவுனியாவிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தனான். இறக்கின பிறகு பெரிய பற்சில்லில விட்டால் டிரெய்லியர் சில்லுக் கம்பியில தட்டுது.

இனி ஓட வேண்டாம், முதலில் பாருங்கள். பின்னால் குந்தியிருந்து, டிரெய்லியரிலுள்ள இரண்டு சின்னச் சில்லுகளும் பற்சில்லுக்கு நேர்கீழே ஒரே கோட்டில் தொங்குகின்றனவா என்று கவனியுங்கள். கீழ்ச்சில்லு உள்ளே சரிந்திருந்தால் ஹாங்கர் வளைந்திருக்கிறது. ஹாங்கர் என்பது டிரெய்லியர் தொங்குகிற சிறிய அலுமினியத் துண்டு. அடிபட்டால் பிரேமும் டிரெய்லியரும் தப்ப, இது வளையட்டும் என்றே மென்மையாகச் செய்திருக்கிறார்கள். அதனால் வளைந்ததற்காகக் கோபப்படவேண்டாம்.

நேராக்குவதற்கென்று ஒரு கருவி உண்டு. சில்லின் ரிம்மை அளவாக வைத்து நிமிர்த்துவது. அது இல்லாத இடத்தில், வீடு போய்ச் சேரும் அளவுக்கு, டிரெய்லியர் போல்ட்டில் அலன் கீயை (ஆறு மூலைச் சாவி) செருகி மெதுவாக நிமிர்த்தலாம். ஒருமுறை நிமிர்த்திய அலுமினியம் அடுத்தமுறை முறியலாம் என்பதை மனதில் வையுங்கள். புதிதாக வாங்க ஒவ்வொரு பிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம். கழற்றி இரு பக்கமும் படம் எடுத்து அனுப்பித்தான் கேட்க வேண்டும். பழைய இரும்புப் பிரேமில் ஹாங்கர் பிரேமோடு ஒன்றாக இருக்கும். அதைத் துணிந்து நிமிர்த்தலாம், இரும்பு பொறுக்கும்.

அடுத்தமுறை பஸ்ஸிலோ லொறியிலோ படுக்கவைத்தால் இடப்பக்கம் கீழே, டிரெய்லியர் மேலே.

சும்மா மிதிக்கச் சரி. எழும்பி நின்று அழுத்தினால் செயின் துள்ளுது.

தேய்வு. செயின் இழுபட்டுவிட்டது, அல்லது பற்கள் தேய்ந்துவிட்டன. அளக்க விலைகூடிய கருவி தேவையில்லை, இரும்பு அடிமட்டம் போதும். செயினில் ஒரு இணைப்பின் நீளம் அரை அங்குலம். ஒரு ஊசியின் நடுவில் அடிமட்டத்தின் பூச்சியத்தை வைத்தால், அதற்கு அடுத்ததை ஒன்று என்று எண்ணிவர, இருபத்துநான்காவது ஊசி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தாண்டி நின்றால் செயினை மாற்றுங்கள். 1/8 தாண்டினால் பற்சில்லுகளும் போயிருக்கும். அப்போது புதுச் செயினை மட்டும் போட்டால் முன்னையதைவிடக் கூடத் துள்ளும், கடைக்காரரோடு சண்டை வரும். தேய்ந்த பல் சுறாச்செட்டைபோல ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

எங்கள் றோட்டுகள் ஏற்ற இறக்கமில்லாதவை என்பதால் பலர் ஒரே கியரில் மாதக்கணக்காக ஓடுகிறார்கள். அந்த ஒரு பற்சில்லு தேய்ந்து, மற்றவை பளபளவென்று இருக்கும். ஒரேயொரு கியரில் மட்டும் துள்ளினால் அதுதான். செயின் ஒருதரம் முழுவதாகச் சுற்றிவரும்போதெல்லாம் ஒழுங்காக ஒருமுறை துள்ளினால் செயினில் ஒரு இணைப்பு இறுகியிருக்கும். பெடலைப் பின்பக்கம் மெதுவாகச் சுற்றி, டிரெய்லியருக்குள் எந்த இணைப்பு நிமிராமல் குதிக்கிறது என்று பாருங்கள். அதைப் பக்கவாட்டில் கையால் வளைத்து இளக்கலாம்.

சாதாரண சைக்கிள் செயின் போடலாமா?

முடியாது. ஒற்றைப் பற்சில்லுச் செயினின் உள்ளகலம் 1/8 அங்குலம், கியர்ச் செயினுடையது 3/32 அல்லது அதைவிடக் குறைவு. பற்சில்லு எண்ணிக்கை கூடக்கூடச் செயின் மெலியும்: 8 என்றால் வெளியகலம் ஏறக்குறைய 7 மி.மீ., 11 என்றால் 5.5. கடையில் கேட்கும்போது பின்னால் எத்தனை பற்சில்லு என்று எண்ணிச் சொல்லுங்கள். லீவரும் டிரெய்லியரும் அப்படியே. ஷிமானோ லீவருக்கு ஸ்ராம் டிரெய்லியர் என்று இரண்டு கம்பனிகளைக் கலந்தால் ஒரு சொடுக்குக்கு இழுபடும் அளவு பொருந்தாது.

என்ன எண்ணெய் விடுறது? கராச்சில் கழிவு ஒயில் சும்மா தருகிறார்கள்.

அதை வேலிக்கட்டைக்குப் பூசுங்கள், கறையான் வராது. கழிவு ஒயிலுக்குள் இரும்புத் துகள் கலந்திருக்கும், புழுதியையும் வாரிப் பிடிக்கும். கிரீஸும் செயினுக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் சமையலுக்கு.

செயின் எண்ணெய் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் தையல் மெசின் எண்ணெய். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு, பத்து நிமிடம் பொறுத்து வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். எண்ணெய் வேலை செய்வது உள்ளே. வெளியே மினுங்குவது புழுதிக்கான அழைப்பு. கோடையில் மெல்லிய எண்ணெயைக் குறைவாக, மாரியில் கொஞ்சம் தடித்ததை அடிக்கடி. கழுவ மண்ணெண்ணெய் போதும், செயினைக் கழற்றிப் போத்தலில் போட்டுக் குலுக்கலாம். பெற்றோல் வேண்டாம், தீப்பிடிக்கும். வட்டுவாகல் பாலத்தில் உப்புத்தண்ணீர் தெறித்தாலோ ஆனையிறவுப் பக்கம் ஓடினாலோ அன்றே நல்லதண்ணீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் விடுங்கள். ஆனால் சேர்விஸ் நிலையத்துக் குழாயால் சில்லின் நடுவில் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

அறுவடை நேரத்தில றோட்டில ஓடினால் கியர் திடீரென்று பிழைக்குது.

றோட்டில் காயவிட்ட நெல்லும் வைக்கோலும். வைக்கோல் டிரெய்லியரின் சின்னச் சில்லுகளில் சுற்றிக்கொள்ளும், பற்சில்லுகளுக்கு நடுவிலும் அமுங்கிக்கொள்ளும். செயின் பல்லின் அடிவரை இறங்க முடியாமல் வழுக்கும். நிறுத்தி, ஒரு ஈர்க்கால் கிளறி எடுங்கள். சுற்றியபடியே தொடர்ந்து மிதித்தால் டிரெய்லியர் முறுகும். காயவிட்டவரின் நெல்லுக்கு மேலால் ஓடாமல் சுற்றிப் போனால் இரண்டு பேருக்கும் நல்லது.

முன்னால் இரண்டு செயின் வீல் இருக்குது. மலையே இல்லாத இடத்தில சின்னது எதுக்கு?

காற்றுக்கு. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் பரந்தனிலிருந்து தெற்கே மாங்குளம் நோக்கி ஓடியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். எதிர்க்காற்றில் பெரிய வீலில் முக்கி முக்கி மிதித்தால் செயினும் தேயும், முழங்காலும் தேயும்.

பெரிய வீலையும் பின்னால் மிகப் பெரிய பற்சில்லையும் சேர்த்துப் பாவிக்கவேண்டாம், சின்னதோடு சின்னதும் அப்படியே. செயின் கோணலாக ஓடி முன் டிரெய்லியரில் உரசும். அந்தச் சத்தம் பழுதல்ல. மற்றக் கியர்களிலும் உரசினால் முன் டிரெய்லியரின் இருப்பைப் பாருங்கள்: அதன் வெளித்தகடு பெரிய வீலின் பற்களுக்கு மேலே 1 முதல் 3 மி.மீ. இடைவெளியில், வீலுக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். நெடுநாள் பாவிக்காமல் விட்ட முன் டிரெய்லியர் துருப்பிடித்து இறுகிவிடும். மூட்டுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அசைத்துவிடுங்கள்.

பிரேமில் லீவர் வைத்த பழைய ரேசிங் சைக்கிள். மிதிக்க மிதிக்கக் கியர் தானாகவே மாறுது.

அதில் சொடுக்கு இல்லை, உராய்வுதான் லீவரைப் பிடித்து வைத்திருக்கிறது. லீவரின் நடுவிலுள்ள ஸ்குறூவைக் கொஞ்சம் இறுக்குங்கள். முடிந்தது. இன்றைய கியர்களைவிட இது பிழைக்கிறது குறைவு என்பது என் எண்ணம்.

எனக்கு ஜப்பான் சைக்கிள், மூன்று கியர், டிரெய்லியரே இல்லை. பள்ளிக்கூடம் போகும்போது பெடல் திடீரென்று வெறுமையாய்ச் சுத்துது.

தங்கச்சி, உங்களுடையதில் கியர் பின்சில்லின் நடுவுக்குள் இருக்கிறது. பெரும்பாலும் கேபிள் அளவு பிழைத்திருக்கும். ஷிமானோ நெக்சஸ் மூன்று கியர் என்றால், லீவரை 2இல் வையுங்கள். பின் அச்சின் வலப்பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று, அதில் ஒரு சாளரம். அதற்குள் தெரியும் மஞ்சள் குறி, கோடுகளுக்கு நடுவில் நிற்கும்வரை கேபிளின் உருளையைத் திருப்புங்கள். பெட்டி கழன்று ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

பற்றரியில் ஓடுகிற கியர்?

முதலில் சார்ஜ் பாருங்கள். பிறகு ஹாங்கர். கேபிள் இல்லாததால் மிச்சமுள்ள சந்தேகங்கள் குறைவு.

புதுக்குடியிருப்புக்கும் பரந்தனுக்கும் நடுவில கேபிள் அறுந்தால் எப்படி வீட்டை வாறது?

பின் கேபிள் அறுந்தால் ஸ்பிரிங் செயினை மிகச் சிறிய பற்சில்லுக்குக் கொண்டுபோய்விடும். அதில் காற்றுக்கெதிரே மிதிப்பது தண்டனை. முன்னால் சின்ன வீலுக்கு மாற்றுங்கள். பிறகு 'எச்' ஸ்குறூவை இறுக்குங்கள். டிரெய்லியர் உள்ளே நகர்ந்து இரண்டாவது, சிலவேளை மூன்றாவது பற்சில்லில் நிற்கும். ஸ்குறூவின் நீளம் போதாவிட்டால், டிரெய்லியரைக் கையால் நடுவுக்குத் தள்ளி, அதன் மூட்டு இடைவெளியில் ஒரு தடித்துண்டைச் செருகிக் கயிற்றால் கட்டுங்கள். அறுந்த கம்பியைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள், சில்லுக்குள் போகக்கூடாது. முன் கேபிள் அறுந்தால் கவலையில்லை, செயின் சின்ன வீலில் விழும், அப்படியே வரலாம்.

'எச்' ஸ்குறூவை எத்தனை சுற்றுத் திருப்பினீர்கள் என்று எண்ணி வையுங்கள். புதுக் கேபிள் போடுவதற்கு முன் அதே எண்ணிக்கையைத் திருப்பித் தளர்த்தினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். இருக்கைப் பையில் ஒரு கியர்க் கம்பியும் 5 மி.மீ. அலன் கீயும் ஒரு சின்ன ஸ்குறூட்றைவரும் இருந்தால், இந்த வேலை எதுவுமில்லாமல் விசுவமடுவில் ஒரு மரநிழலில் நிறுத்தி அங்கேயே மாற்றிக்கொண்டு வரலாம்.